நாகவல்லி கடையில் பஃப் கை

ஜூன் 11, வியாழன். ‘இன்று லிபினைச் சந்தேகப்பட்டேன். என் தவறு.’ டயரியில் இதை எழுதிவிட்டு, நடந்ததை அகல்யா வரிசையாக நினைத்துப் பார்த்தாள்.

மாலை 6.10. நெமிலிச்சேரி கம்ப்யூட்டர் வகுப்பு. படிப்பு முடித்துப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் பென்டிரைவ்களில், வகுப்பை நடத்தும் தங்கராஜ் சார் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எட்மண்டின் போன் வந்தது; ஸ்பீக்கரில் போட்டார்.

ரவிக்கை அளவைக் கொடுத்தால் துணியில் வெட்டும் கோடுகளை வரைந்து தரும் நிரல் எட்மண்ட் எழுதியது. இலவசம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றிய நிரலை அப்படியே பிறருக்குக் கொடுக்கக் கூடாது. மூலம் தனியாக, மாற்றம் தனிக் கோப்பாகத்தான் போக வேண்டும். அதுதான் உரிமம். வகுப்புக் கணினியில், அகல்யாவோடு படிக்கும் லிபின் அதில் தோளில் உப்பி நிற்கும் பஃப் கை வரையும் வசதியைச் சேர்த்திருந்தான். அந்தப் பஃப் கை நிரல் இப்போது கோவில்பதாகையில் நாகவல்லியின் தையல் கடையில் ஓடுவதை எட்மண்ட் பார்த்துவிட்டார்!

“லிபினுக்கு என் ஆபீஸ்ல வேலைன்னு சொன்னேனே, அதை மறந்துடுங்க. உரிமத்தை மதிக்காதவன் எனக்கு வேணாம்.” போன் வைக்கப்பட்டது.

லிபின் தலையில் கை வைத்துக்கொண்டான். “நான் யாருக்கும் குடுக்கல அகல்யா.”

“எழுதினவன் நீதானே?”

“நீயுமா? நல்லா கீது உன் நியாயம்!”

மாலை 7. அகல்யா தையல் கடையில் இருந்தாள். நாகவல்லி போன மாதம்தான் வகுப்பை முடித்தவள். பஃப் கை வந்த பிறகு முடித்தவள் அவள் ஒருத்திதான்.

“யார் குடுத்ததுக்கா?”

“நல்லது பண்ணவங்கள மாட்டி உடுவனா? வோணும்னா கம்ப்யூட்டரப் பாத்துகினு போ.”

நிரலுக்குப் பக்கத்திலேயே தட்டச்சுப் பாடங்கள், தமிழ் எழுத்துருக்கள், வகுப்பு சுற்றுலாப் போட்டோக்கள். தன் கண்ணை நம்பாமல் அகல்யா மறுபடியும் பார்த்தாள்.

இரவு 8. மறுபடியும் வகுப்பில். “சார், குடுத்தது நீங்கதான்.”

“நானா? இன்னாமா சொல்ற?”

“திருட்டுத்தனமா குடுக்கிறவன் நிரலை மட்டும் குடுப்பான். அங்க சுற்றுலாப் போட்டோ வரைக்கும் இருக்கு. வகுப்பு ஃபோல்டரை அப்படியே பென்டிரைவ்ல போட்டுக் குடுக்கிறது நீங்க ஒருத்தர்தான். லிபின் மாத்தின நிரலும் அந்த ஃபோல்டர்லதான் இருந்தது.”

சார் நாற்காலியில் சாய்ந்தார். “போற புள்ளைங்கள வெறுங்கையோட அனுப்ப மனசு வராதும்மா.”

“பாசத்துல என் வேலையையே காலி பண்ணீங்களே சார்!” என்று லிபின் சிரித்துவிட்டான்.

சார் எட்மண்டை அழைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எட்மண்டின் பதில்: “பையன் திங்கக்கிழமை வரட்டும். அதுக்குள்ள அந்தக் காப்பியைச் சரி பண்ணிடுங்க.”

அகல்யா பேனாவை எடுத்தாள்.

‘நாளை: லிபினுடன் கோவில்பதாகை போக வேண்டும். மாற்றிய நிரலை அழித்துவிட்டு, எட்மண்டின் மூலத்தையும் லிபினின் மாற்றத்தையும் தனித்தனியாக வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டுவது எப்படி என்று நாகவல்லியக்காவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.’