பதினேழாம் ஆணி

கணேசலிங்கம் அங்கிள் தன் மகள் தேஜஸ்வினியின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்பு நீராட்டு விழாவுக்கு, மெல்பேர்ணின் பழைய உலகக் கண்காட்சி மண்டபத்தையே பிடித்தார். தங்கள் விழாவுக்கு ஹெலிகொப்டரில் வந்திறங்கிய மற்றப் பிள்ளைகளையெல்லாம் மிஞ்ச வேண்டுமாம். ஊருக்குக் காட்டத்தானே கொண்டாட்டம்! அந்த மண்டபத்துக் கோபுரத்துக்கு நான் காவலாளி. வேலை எடுத்துத் தந்தவரும் அங்கிள்தான்.

கோபுர வாசலில் ஒரு பலகை, அதில் இருபது ஆணிகள். மேலே ஏறுகிறவர் பித்தளை வில்லை ஒன்றை மாட்டிவிட்டு ஏற வேண்டும், இறங்கியதும் கழற்ற வேண்டும். வில்லை தொங்கினால் கதவைப் பூட்டக் கூடாது.

கண்காட்சி நடந்த வருடம் உச்சியில் விளக்கேற்ற யாழ்ப்பாணத்தான் ஒருவன் இருந்தானாம். பிரபுக்கள் வரும் அவசரத்தில் மேற்பார்வையாளன் அவனுடைய வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூட்டினான். பாண்ட் வாத்தியச் சத்தத்தில் விளக்கேற்றுகிறவன் உள்ளிருந்து தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தபோது கதவடியில் செத்துக் கிடந்தான். அவனுடைய ஆணி பதினேழு.

அன்று பகல் இரண்டு மணி. கோபுரக் கதவுக்கு முன்னால் மேடை போட்டிருந்தார்கள். திறந்த கதவு பின்னால் தெரிந்தால் படம் கெட்டுவிடும் என்று அங்கிள் பூட்டச் சொன்னார். பதினேழாம் ஆணியில் ஒரு வில்லை தொங்கியது.

"அங்கிள், மேல ஆரோ நிக்கினம்."

"நல்ல நேரம் போகுது தம்பி. உந்தப் பித்தளைக்கே பயப்பிடுறாய்?" வில்லையைப் பிடுங்கிப் பையில் போட்டார். "இப்ப ஆணியில ஒண்டுமில்லை. மேல ஒருத்தரும் இல்லை. பூட்டு நிதுஷன்."

பூட்டினேன். வாய் திறந்து மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை.

நாதஸ்வரம் தொடங்கியது. பிள்ளையை அழைத்துவரப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். தோழி வினுஷா அழுதாள்.

"அவ ஃபோட்டோ எடுக்க டவருக்குப் போனவ, அங்கிள். கீழ கிடந்த பழைய வில்லையொண்டை மாட்டிப்போட்டுத்தான் போனவ."

கதவு உள்ளிருந்து அதிர்ந்தது.

"அப்பா!"

பூட்டில் நான் போட்ட திறப்பு திரும்பவில்லை. கதவிடுக்கால் மண்ணெண்ணெய் மணந்தது. பிறகு ஓர் ஆணின் குரல், மிக நிதானமாக.

"ஆணியில ஒண்டுமில்லை ஐயா. மேல ஒருத்தரும் இல்லை."

அங்கிள் பையைத் துழாவினார். வில்லை இல்லை. விரலெல்லாம் விளக்குக் கரி.

"கழட்டினது நான்," என்று கதவில் தலையை மோதினார். "பிள்ளையை விடு. என்னை எடு."

கதவு தானாகத் திறந்தது.

தேஜஸ்வினி வெளியே விழுந்தாள். உள்ளே இருந்தது அரைமணி நேரம். உதடுகளோ ஐந்து நாள் தண்ணீர் காணாதவளைப்போல வெடித்திருந்தன. அவளைத் தூக்கக் குனிந்த அங்கிளின் பட்டுச் சால்வையை இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை பற்றியது.

கதவு சாத்திக்கொண்டது.

தீயணைப்புப் படை உடைத்துப் பார்த்தது. உச்சிவரை ஒருவரும் இல்லை.

பதினேழாம் ஆணியில் புது வில்லை. அதில் கணேசலிங்கம் என்று பொறித்திருந்தது. இழுத்தும் கழன்று வரவில்லை. தேஜஸ்வினி தேறிவிட்டாள், ஆனால் அறைக் கதவைச் சாத்த விடுவதில்லை.

கழற்றியவருக்குத் தண்டனை கிடைத்தது. பூட்டியவன் நான்.

இன்று காலை பதினெட்டாம் ஆணியிலும் ஒன்று தொங்குகிறது. அதில் இதுவரை முதலெழுத்து மட்டும்தான் விழுந்திருக்கிறது.

நி.