மலையிறங்கும் புலி

ஏழு வருஷமாகச் சுவரில் தொங்கும் ஓவியத்திலிருந்து ஈர மையின் வாசம் வந்தது.

சீனத்துச் சூஜோ நகரில் பிளம் பழுக்கும் மாத மழை. சுவர்கள் வியர்த்து, அலமாரித் துணியெல்லாம் பூஞ்சை நாற்றம் ஏறிக்கிடந்த மதியத்தில், கற்பூரமும் பைன் கரியும் கலந்த அந்த வாசத்தின் பின்னாலேயே படுக்கையறைக்கு வந்த ஷூவென், புலியின் முன் நின்றாள். அடுத்த அறையில் அவள் கணவன் பெய்லின் கல்லில் மைக்கட்டியை இழைத்துக்கொண்டிருந்தான். சரக். சரக்.

கல்யாணத்துக்கு அவன் வரைந்து தந்த புலி. வருஷத்துக்கொரு மிருகம் என்ற சீனக் கணக்கில், அவள் குரங்கு வருஷத்தில் பிறந்தவள். குரங்குக்கும் புலிக்கும் ஆகாது. அதனால் வயிறு நிறைந்து மலையேறும் புலியாக வரைந்தான். அதிலும் மனசு ஆறாமல் கண்மணிகளை வைக்காமலே விட்டான். கண்மணி வைத்தால்தானே உயிர்.

இப்போது புலி மலையிறங்கிக்கொண்டிருந்தது. பசித்த புலி. தலை, கட்டிலின் பக்கம்.

"பெய்லின், படத்த மாத்திட்டியா?"

"பழசு பூஞ்சை பிடிச்சுப்போச்சு, குரங்குக்குட்டி."

"இறங்குற புலிய யாராவது வீட்டுக்குள்ள மாட்டுவாங்களா?"

"நானே புலி வருஷந்தானே? ஏழு வருஷத்துல உன்ன ஒரு தடவை கடிச்சிருப்பேனா?"

அவளும் சிரித்தாள். சிரித்தபடியே ஓரத்து எழுத்தைப் படித்தாள். பழைய படத்தில் 'என் ஷூவெனுக்கு' என்றிருந்த இடம்.

'இந்த வீட்டுக்கு வரப்போகிறவளுக்கு.'

அவனுடைய எழுத்துதான். ஒரு கோட்டில்கூட நடுக்கம் இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

புலியின் இடது கண் வெறுமை. வலது கண்ணில் கறுப்புப் புள்ளி. தொட்டாள். ஈரம். வெதுவெதுப்பு.

மை இழைக்கும் சத்தம் நின்றிருந்தது.

வாசலில் அவன். கையில் மெல்லிய தூரிகை.

"கொஞ்சம் நகரு. இன்னும் ஒரு கண்ணுதான்."

சாப்பிட்டாயா என்று கேட்கும் அதே குரல். அவன் வரையும்போது ஒதுங்கி நின்றே பழகிய கால்கள் தாமாக நகர்ந்தன. அவன் புள்ளி வைத்தான். அவளைப் பார்க்காமல் வெளியே போனான். தாழ் விழுந்தது.

"பெய்லின், கதவத் திற."

மழை.

"பெய்லின்!"

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. போகவில்லை. காத்திருக்கிறான்.

முதுகுக்குப் பின்னால் மை வாசம் அடர்ந்தது. திரும்பினாள்.

காகிதத்தில் பாறை இருந்தது. மிதிபட்டுச் சாய்ந்த புல் இருந்தது.

பலகைத் தரையில், சுவரோரமாக, ஈரக் கறுப்பில் ஒரு பாதத்தடம். அதற்கு முன்னால் இன்னொன்று.

மூன்றாவது, அவள் பார்க்கப் பார்க்கப் பதிந்தது.