இறங்காதவள்

சாரட்டிலிருந்து எல்லாரும் இறங்கினார்கள். ஒருத்தி மட்டும் இறங்கவில்லை.

பின் இருக்கையின் இடது ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நீலக் கோட்டு, முடி முழுவதையும் மூடிய தொப்பி, கண்ணுக்குக் கீழே எல்லாம் முகக்கவசம். ஃபேக்டரி லைனில் போடுகிற அதே உடுப்பு. அன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியின் குடும்ப நாள். ஒரகடத்துக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ஏரிக்கரைப் பூங்காவில் காலையிலிருந்து ஐந்நூறு பேர் பட்டும் பளபளப்புமாகத் திரிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கோட்டை யாரும் மறந்தும் போட்டு வரவில்லை.

“இன்னாடி பாத்துகினு நிக்கிற? ஏறு,” என்றாள் ஷெர்லின்.

சத்யப்பிரியாவின் காலை பூஜா இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலு வயது. குதிரையைப் பார்த்ததிலிருந்து அழுகை.

“குதிர கடிக்கும்.”

“கடிக்காதுடா. கொள்ளுதான் துன்னும்.”

“அதுக்குப் பல்லு கீது.”

“பாத்தியா, இது எல்லாத்தையும் நோட் பண்ணி வெச்சிகினு கீது,” ஷெர்லின் சிரித்தாள். “சரி சத்யா, நீயாவது போ. கூப்பன் வீணாவுது. ஏரிய ஒரு சுத்து, கால் மணி நேரம். தாண்டவராயண்ணே, பள்ளத்துல வுடாம ஓட்டு.”

மேலே சிவப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் தலையை ஆட்டினார். திரும்பவில்லை.

“பஸ் அஞ்சரைக்கு,” என்றாள் சத்யா. “இவ அழுவா.”

“நான் பாத்துக்கறேன், நீ போ.” ஷெர்லின் இரண்டு விரலால் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

சத்யாவின் கால்கள் நகர்ந்துவிட்டன.

லைனில் அப்படித்தான். பெல்ட் நிற்காது. ஒன்பது நொடிக்கு ஒரு சர்க்யூட் போர்டு வரும். பாத்ரூம் போகவேண்டுமென்றால் பட்டனை அமுக்கவேண்டும். தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு எரியும். ரிலீவர் வருகிறபோது வருவாள். வந்து தோளில் இரண்டு தட்டு. அவள் ஒரு பக்கம் நுழைய, இவள் மறுபக்கம் நகர, ஒரு போர்டுகூடத் தவறாமல் கை மாறும். போனவள் திரும்பி வரும்வரை ரிலீவர் எழுந்திருக்கக் கூடாது. ஷெர்லின் ஆறு வருடமாக அந்த லைனின் ரிலீவர்.

“ஒரே சுத்து. அம்மா வந்துடுவேன்,” என்றாள் பூஜாவிடம்.

“கிளிப்பத் தொலைச்சிடாத.”

காலையில் குன்றத்தூரில் பஸ் ஏறும்போது பூஜா தன்னுடைய மஞ்சள் வண்ணத்துப்பூச்சி கிளிப்பை எடுத்து அம்மாவின் தலையில் குத்தியிருந்தாள். சத்யா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. வண்டி நகர்ந்தது.

வண்டி ஏறும் மேடையைத் தாண்டியதும் பாதை மரங்களுக்குள் வளைந்தது. தைல மரங்களும் கருவேலமும் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்க, இலைகளுக்கு நடுவே ஏரி துண்டு துண்டாகத் தெரிய, குதிரையின் குளம்பு செம்மண்ணில் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது. வியர்த்த குதிரையின் வாடை, ஊறிய கொள்ளின் வாடை, அதற்கு அடியில் மதில் சுவருக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்கூடங்களிலிருந்து வரும் பெயின்ட்டின் இனித்த வாடை எல்லாம் கலந்து தொண்டையில் ஒட்டின. தூரத்தில் எங்கோ பெரிய மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும் உறுமல். ஞாயிற்றுக்கிழமைகூட நிற்காத உறுமல். அது லைனில் கேட்கும் உறுமல் போலவே இருந்தது. சத்யா பறவைகளைத் தேடினாள். ஏரியில் நிறைய நாரைகள் வரும் என்று ஷெர்லின் சொல்லியிருந்தாள். ஒன்றுகூடக் கத்தவில்லை.

எதிர் இருக்கை காலி. சத்யா பின் இருக்கையில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்தால் அந்தக் கண்களைப் பார்க்கவேண்டியிருக்கும்.

அந்தப் பெண்ணின் வலது கையில் ஒரு கயிறு இருந்தது. கட்டைவிரல் தடிமன். அது வண்டித் தரையில் போய், வண்டிக்காரரின் இருக்கைக்கு அடியில் மறைந்தது. கடிவாளம் அல்ல. கடிவாளம் அவர் கையில் இருந்தது.

“நீங்க எந்த லைனு?”

அந்தப் பெண் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“இன்னைக்குக்கூடவா டூட்டி போட்டாங்க?”

“ரிலீவர் வரல.”

முகக்கவசத்துக்கு உள்ளிருந்து, ஈரத் துணியை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல வந்தது குரல்.

“எப்போலேர்ந்து?”

அந்தப் பெண் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

“லைட்டு போட்டுட்டுத்தான் உக்காந்துகினு கீறேன்.”

சத்யா நிமிர்ந்து பார்த்தாள். சாரட்டின் இரண்டு பக்கமும் அலங்கார விளக்குகள். வலது பக்க விளக்கு அணைந்திருந்தது. இடது பக்க விளக்கு, வெயில் இன்னும் மரத்தின் மேல் இருக்கும்போதே, மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

“கயித்த வுடாதம்மா,” என்றார் வண்டிக்காரர். முதுகைக் காட்டிக்கொண்டே.

பாதை ஏரியின் மறுகரைக்கு வந்தது. சத்யா குனிந்தபோது அந்தப் பெண்ணின் கால்களைக் கண்டாள். இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று இறுகி நசுங்கியிருந்தன. குதிகால்கள் மேலும் கீழும் நடுங்கிக்கொண்டிருந்தன.

அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். அப்போது பூஜா வயிற்றில் ஏழு மாதம். ஷெர்லின் அன்று லீவு. விளக்கு போட்டு ஐம்பது நிமிடம் யாரும் வரவில்லை. போர்டுகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் வேறொரு ரிலீவர் வந்து தட்டியபோது எழுந்திருக்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்தாள். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

“அக்கா,” என்றாள் அந்தப் பெண். “ஒரு அஞ்சே நிமிஷம். போயிட்டு வந்துடறேன்.”

யோசிப்பதற்குள் சத்யாவின் கை எழுந்துவிட்டது. இரண்டு விரல். இரண்டு தட்டு. கோட்டுக்கு உள்ளே தோள் நாற்காலியின் முதுகு போலக் கெட்டியாக இருந்தது.

“நீ போ. நான் பாத்துக்கறேன்.”

அவள் நகர, சத்யா நுழைந்தாள். கயிறு தொய்யாமல் கை மாறியது. சூடாக இருந்தது. கொஞ்சம் ஈரமாகவும்.

மேலே விளக்கு அணைந்தது.

மேடை வந்தது. அந்தப் பெண் இறங்கினாள். ஏணிப்படியில் கால் வைக்கும்போது தடுமாறினாள், வெகுநாள் நடக்காதவளைப் போல. பிறகு கரும்புச்சாறு கடைக்குப் பின்னால் போய் மறைந்தாள். பாத்ரூம் அங்கேதான். கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் ஷெர்லின் பூஜாவுக்குப் பஞ்சுமிட்டாய் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சத்யா கூப்பிடலாம். இறங்கலாம்.

போனவள் வரவேண்டும். வந்தால்தான் எழுந்திருக்கலாம். ஐந்தே நிமிடம்.

ஒரு இளம் ஜோடி ஏறி எதிரே உட்கார்ந்தது. வண்டி நகர்ந்தது.

“ஐயோ, நிறுத்துங்க. நான் இறங்கணும்.”

“கயித்த வுடாதம்மா.”

சத்யா கயிற்றை விடப் பார்த்தாள். விரல்கள் விரியவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க மூடின. எழுந்திருக்கப் பார்த்தாள். கால்கள் எழவில்லை.

“மொதல்ல கை வலிக்கும்மா,” என்றார் வண்டிக்காரர், ஆறுதலாக. “அப்புறம் பழகிடும்.”

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஃபோட்டோல வர்றீங்க,” என்றாள் அந்த இளம்பெண். திரும்பி உட்கார்ந்து, போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். கணவன் அவள் தோளில் முகவாயை வைத்துப் பல்லைக் காட்டினான்.

போனின் திரையில் மூன்று பேர் இருந்தார்கள். அவன். அவள். பின்னால் ஒருத்தி.

நீலக் கோட்டு.

தொப்பி.

முகக்கவசம்.

சத்யா தலையைத் தொட்டாள். நழுவும் துணி. கிளிப் இல்லை. மடியைப் பார்த்தாள். காலையில் மடிப்பு வைத்துக் கட்டிய பச்சைப் புடவை இல்லை.

“என் தோள்ல தட்டு,” என்றாள். “ரெண்டு தட்டு. பாத்துக்கறேன்னு சொல்லு. அவ்ளோதான்.”

அந்த ஈரக் குரல். தன்னுடையதா அது.

“இன்னா சொல்றாங்க?”

“தெர்லடி. ஸ்டாஃபு போல. நீ இந்தப் பக்கம் பாரு.”

மரங்கள். உறுமல். குளம்பு. உறுமல்.

இரண்டாம் முறை மேடை வந்தபோது வெயில் சிவந்திருந்தது. ஜோடி இறங்கிப் போனது. கரும்புச்சாறு கடைக்குப் பின்னாலிருந்து பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி வேப்பமரத்தை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். பின்னலுக்கு மேலே மஞ்சளாக ஒரு வண்ணத்துப்பூச்சி. முகம் அந்தப் பக்கம்.

“எங்கடி போன இவ்ளோ நேரம்?” ஷெர்லினின் குரல் தெளிவாகக் கேட்டது. “சுத்து நல்லா இருந்துச்சா?”

பச்சைப் புடவை கையை நீட்டியது. பூஜா ஷெர்லினின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“ஏய், இன்னா நாடகம்? உங்கம்மாதான்டி. போ.”

பூஜா தலையை ஆட்டினாள். மாட்டேன். மாட்டேன்.

போகாதடா, என்று கத்தினாள் சத்யா. முகக்கவசம் வாய்க்குள் புகுந்தது. வண்டி நகர்ந்தது.

மூன்றாவது சுற்றில் யாரும் ஏறவில்லை. அடிவயிறு கனத்தது. முழங்கால்களை இறுக்கினாள். குதிகால்கள் தாமாகவே ஆடத் தொடங்கின. மேலே, இடது பக்க விளக்கு எரிந்தது. மஞ்சள்.

ஷெர்லின் பார்ப்பாள். ஆறு வருடமாக விளக்கைப் பார்ப்பதுதான் அவள் வேலை. பேசிக்கொண்டே இருப்பாள், கண் மட்டும் மேலே போகும். பார்த்தால் வருவாள். வந்தால் தட்டுவாள்.

தட்டினால் அவள் இங்கே உட்காரவேண்டும்.

வா, என்று நினைத்தாள் சத்யா. பரவாயில்லை. வா.

மேடை. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கூட்டம் வாசலை நோக்கி நகர, அதன் ஓரத்தில் மூவரும் வந்தார்கள். பூஜா பச்சைப் புடவைக்காரியின் இடுப்பில் இருந்தாள். அழவில்லை. பஞ்சுமிட்டாய் வாயெல்லாம் ஒட்டியிருந்தது.

ஷெர்லின் நின்றாள். கண் விளக்குக்குப் போனது. விளக்கிலிருந்து சத்யாவுக்கு வந்தது. ஒரு அடி எடுத்து வைத்தாள். இன்னொரு அடி. வலது கையின் இரண்டு விரல் தன்னால் நீண்டது.

“ஷெர்லு. பஸ்ஸு.”

சத்யாவின் குரல். சத்யா பேசவில்லை.

ஷெர்லின் கையை உதறிக்கொண்டு சிரித்தாள். “லைட்டப் பாத்தா காலு தானா போவுது பாரேன். பாவம், யாரோ. லீவு நாள்லகூட உக்கார வெச்சிருக்கானுங்க.” திரும்பி நடந்தாள்.

“பூஜா!”

பூஜா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நீலக் கோட்டைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். பிசுபிசுத்த கையை ஆட்டினாள்.

“டாட்டா ஆன்ட்டி.”

வண்டிக்காரர் நாக்கைச் சொடுக்கினார். சக்கரம் உருண்டது. மரங்கள் மறைப்பதற்குள், பச்சைப் புடவைக்காரி பூஜாவின் முதுகை அணைத்திருந்த கையை மெல்ல மேலே கொண்டுபோனாள். கை திரும்பியபோது உள்ளங்கையின் குறுக்கே கயிறு பதிந்த சிவந்த தழும்பு தெரிந்தது. திரும்பிப் பார்க்காமலேயே, இரண்டு விரலால், பூஜாவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.