போகாத தைல வாடை

"ஏட்டி முத்துசெல்வி! இதக் கொஞ்சம் மோந்து பாரு!"

காலைக் காப்பிக்குப் பால் பொங்கும் நேரத்தில், முத்துசெல்வியின் மூக்குக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் டப்பா நீண்டது. நீட்டியவள் மாமியார் முப்பிடாதியம்மாள்.

"முந்தாநாள் இதுலதான் புளியோதரை குடுத்து விட்டேன். பாவூர்சத்திரத்துல எம்மவ வேல்விழி, மாசமா இருக்கவ, ஒரு வாய் வச்சதும் வாந்தியாம்! தைல வாடையாம்! இன்னைக்கும் அதே பிசுக்கு! நீ கழுவுதியா, தண்ணியக் காட்டிட்டுக் கவுத்துதியா?"

முத்துசெல்வி இரண்டு நாளாக அந்த டப்பாவோடுதான் மல்லுக்கட்டுகிறாள். பழைய பேப்பரால் எண்ணெயைத் துடைத்து, கொதிக்கும் கஞ்சி ஊற்றி, கடலைமாவும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தாள். சாயங்காலம் பளபளக்கும். விடிந்தால் மறுபடி நாறும்!

காரணம் இன்று விடியற்காலையில்தான் தெரிந்தது. மாமனார் ஆறுமுகநயினார் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு பூனை மாதிரி வந்து அந்த டப்பாவை அலமாரியில் வைத்தார். பாட்டிலில் கொண்டுபோனால் மூலிகை எண்ணெய் வண்டிப் பெட்டியில் ஒழுகுகிறதாம். இந்த டப்பா மூடிதான் இறுக்கமாம்!

"உங்க அத்தைட்ட சொல்லிராத தாயி! வண்டிச் சாவியப் பிடுங்கிருவா..." என்று கும்பிட்டார். பாவம், சரியென்றுவிட்டாள்.

"வெள்ளிக்கெழம வளைகாப்புக்கு நீ ஒரு சோறும் கிண்ட வேண்டாம்! சமையக்கார பாண்டியராஜ் அண்ணாச்சிக்குப் போன் போடுதேன்!" முப்பிடாதியம்மாள் கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

'மதினி, ஏழு வகைச் சோறும் உங்க கையாலதான்' என்று வேல்விழி ஆசையாகக் கேட்டிருந்தாளே! முத்துசெல்விக்குக் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்போதும் மாமாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"வைட்டி போன!" உள்ளேயிருந்து ஓடி வந்தார் ஆறுமுகநயினார். "அது... என் எண்ணெ."

முப்பிடாதியம்மாள் அவர் வழுக்கைத் தலையை இழுத்து மோந்தாள். அதே வாடை!

"ஐயோ! போன சீசன்ல அருவில வழுக்கி விழுந்து, இடுப்புக்கு பெல்ட்டு போட்டது மறந்துபோச்சா?"

"மறக்கல... அந்த இடுப்புக்குத்தான் எண்ணெ தேய்ச்சேன். செல்விக்குத் தெரியும். எனக்காவ ஏச்சு வாங்குதா!"

மாமியார் மருமகளைப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"என்னப் பெத்தவளே... சொல்லியிருக்கப்பிடாதா?"

"ஏச்சு பெருசில்ல அத்தை. சோறு கிண்ட வேண்டாம்னுட்டியளே... அதான்..."

முப்பிடாதியம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கைப்பேசியில் பாண்டியராஜ், "அலோ... அலோ... யாரு தவறிப்போனது?" என்று பதறினார்.

வெள்ளிக்கிழமை முத்துசெல்வி கிண்டிய ஏழு வகைச் சோறும் மணத்தன. வேல்விழி மூன்றாம் முறையும் புளியோதரைக்குத் தட்டை நீட்டினாள். பரிமாற எழுந்த முத்துசெல்வியின் கையிலிருந்து முப்பிடாதியம்மாள் கரண்டியை வாங்கினாள்.

"நீ உக்காரு ஏளா," என்று எல்லார் முன்னாலும் மருமகளுக்கு இலை போட்டுப் பரிமாறினாள்.

கொல்லைக் குழாயடியில், கழுவ வேண்டிய டப்பாக்கள் சூழ உட்கார்ந்திருந்த ஆறுமுகநயினார், "ஏட்டி, கடலைமாவு எங்கன இருக்கு?" என்று கத்தினார்.

பந்தியில் ஒருவரும் இலையிலிருந்து தலை நிமிரவில்லை.