இருபதில் ஏழாவது அம்மன்

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார சர்க்கார் கொண்டுவந்த அவசரகாலத்தால் வாழ்ந்தவர்கள் மலாக்காவில் இரண்டு பேர் என்று ஊரில் சொல்வார்கள். ஒருவர் முள்கம்பி கண்ட்ராக்டர் சிவசாமி. தோட்டத்துத் தொழிலாளர் லயங்களையெல்லாம் சர்க்கார் வேலிக்குள் அடைத்ததில் அவர் கிளேபாங்கில் மாடி வீடு கட்டிவிட்டார். இன்னொருவன் போட்டோ ஸ்டூடியோ காளிதாஸ். ஆளுக்கொரு அடையாளக் கார்டு வேண்டும் என்று உத்தரவு வந்த நாளிலிருந்து அவனுக்குக் கை ஓயவில்லை. இரண்டு பேரும் ஒரே மழையில் நனைந்தவர்கள்தான். ஆனால் தான் நனைந்தது கௌரவமான நனைவு என்பது காளிதாஸின் கட்சி. சிவசாமியின் பெயரைக் கேட்டாலே அவனுக்கு ஆகாது.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை சிவசாமியின் மனைவி ஜானகி ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது அவன் முகம் சுளித்தான். அவள் அவனைச் சட்டை செய்யவில்லை. மூலை நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாவூதிடம் நேரே போனாள். தாவூது முப்பது வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அடுத்தவன் பொய்யை ஒரு மொழியில் கேட்டு இன்னொரு மொழியில் சொல்லிச் சொல்லியே பொய்யின் ருசி அவர் நாக்குக்குத் தெரிந்துபோயிருந்தது.

"பாய், பன்னெண்டு மணிக்கு சார்ஜெண்டு வராரு. எங்க வீட்டு வேலைக்கார சுப்பம்மாவைப் பிடிச்சுக் கொடுக்கப் போறாரு இவரு. அந்த அம்மன் படத்தைத் திருடிட்டாளாம்."

அம்மன் படத்தைப் பற்றி ஊருக்கே தெரியும். வெள்ளைக்கார மானேஜர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, சிவசாமியும் கல்லச்சுப் படங்கள் சேர்க்க ஆரம்பித்திருந்தார். ஓவியர் கல்லில் வரைந்து, இத்தனை பிரதிதான் என்று அச்சடித்து, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போட்டுவிட்டுக் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவார். சோப்பு லேபிள் வரைந்து பிழைத்த ஓர் உள்ளூர் ஓவியர் சாகுமுன் தோட்டத்து அம்மன் தேரை அப்படி வரைந்தார். மொத்தம் இருபது. சிவசாமியிடம் இருந்தது ஏழாவது.

"போனா போகுதுன்னு விடமாட்டாரா?" என்றார் தாவூது.

"காட்டுக்காரங்களுக்குக் கொடுத்துட்டான்னு எழுதிக் கொடுத்திருக்காரு பாய்! விசாரணையே கிடையாதாம். கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்களாம். மூணு வயசுல இங்க வந்தவ. அங்க அவளுக்கு யார் இருக்கா?" என்றாள் ஜானகி. "நேத்து ஒம்பது மணிக்கு நாங்க உம்பாய் ஊர்ல ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வீட்ல அவ மட்டும்தான். சாயந்தரம் திரும்பினதும் இவரு லென்ஸை வச்சுப் பார்த்தாரு. பிரேமுக்குள்ள அசல் இல்ல, அதே மாதிரி வேற படம்."

"சுப்பம்மா தினமும் வருவாளா?"

"வருவா. ஆனா அவ இருக்கிற பாயா ரும்புட் தோட்டத்துல போன சனிக்கிழமையிலேருந்து வியாழன் வரைக்கும் கர்பியூ. கேட்டைத் திறக்கவே இல்ல. நேத்து வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்குத்தான் வந்தா. போன வெள்ளி போகும்போதும் பாவம், திட்டு வாங்கிட்டுத்தான் போனா. 'ஐயா, உங்க லோரியில அரிசி மூட்டை பார்த்தேனே, எங்க லயத்துக்கும் ஒண்ணு இறக்கச் சொல்லுங்க, பிள்ளைங்க பசியில கிடக்குதுங்க'ன்னு கேட்டா. இவருக்கு வந்துச்சே ஒரு கோபம்!"

தாவூது பேப்பரை நான்காக மடித்து வைத்தார். "தாஸு, உன் லென்ஸை எடுத்துக்கோ."

கிளேபாங் வீட்டு வாசலிலேயே சிவசாமி மறித்துக்கொண்டு நின்றார். "யார் கூப்பிட்டா உங்களை?"

"நான்தான்" என்றாள் ஜானகி.

அவர் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். "உள்ள வந்து பார்த்துட்டுப் போகட்டும். பாய், எங்க அம்மனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"அதிகமா தெரியாதுங்க. சந்தனத்தைப் பத்திக் கொஞ்சம் தெரியும். எங்க தர்காவுலயும் பூசுறோம்."

கூடத்துச் சுவரில் பன்னிரண்டு படங்கள் வரிசையாகத் தொங்கின. பக்கத்திலிருந்த கப்பல் படத்தோடு உரசி நின்ற காளிதாஸ், காலரில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டு, அம்மன் படத்தின் மேல் லென்ஸை வைத்தான். தேரில் அம்மன், சுற்றிலும் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள். கண்ணாடியின் மேல் இரண்டு சந்தனப் பொட்டுகள் இருந்தன. ஒன்று அம்மன் நெற்றியில், மற்றொன்று அதற்கு இரண்டு விரல் மேலே, கிரீடத்தில்.

"இது போட்டோ. கையெழுத்துல பென்சில் மினுமினுப்பே இல்ல. வெறும் சாம்பல் கோடு" என்றான்.

"அதைத்தான் நான் நேத்தே சொன்னேனே. இதுக்கு ரெண்டு பேரா?" என்று சீறினார் சிவசாமி.

"கடைசியா அசல் படத்தை எப்ப பார்த்தீங்க?" என்று கேட்டார் தாவூது.

"நேத்து ஒம்பது மணிக்கு. செருப்பை மாட்டிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். வெளிய போகுமுன்ன லென்ஸ் வச்சு எண்ணையும் கையெழுத்தையும் பார்க்கிறது என் வழக்கம். ஏழு, இருபது. பென்சில் பளிச்சுன்னு இருந்துச்சு."

"நிச்சயமா?"

"என் கண்ணை நான் நம்பமாட்டேனா? அவளை அடைச்சு வச்சிருக்கேன். என்ன கேட்கணுமோ கேட்டுத் தொலைங்க."

சாமான் அறைப் பூட்டைத் திறந்ததும் சுப்பம்மா வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். அழுது ஓய்ந்த முகம். காளிதாஸைப் பார்த்ததும், "நீங்கதானே எனக்குக் கார்டுப் படம் பிடிச்சீங்க?" என்றாள். அவனுக்கு ஞாபகம் இல்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

"இந்தப் படத்தைத் தொட்டியா அம்மா?" என்றார் தாவூது.

"வெள்ளிக்கிழமைன்னா சாமி படத்துக்குச் சந்தனம் வைப்பேன் பாய்."

"அது சாமி படம் இல்ல, ஆர்ட்டு! நூறு தடவ சொல்லியாச்சு!" என்று கத்தினார் சிவசாமி.

தாவூது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டு பொட்டு இருக்கே, ஏன்?"

"வச்ச சந்தனத்தைத் துணியால துடைக்கலாங்களா? பழசு மேலயே புதுசை வைப்பேன். நேத்து பார்த்தா, பழைய பொட்டு கிரீடத்துல இருந்துச்சு. கண்ணு மங்கிப்போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டு, நெத்தியில வேற ஒண்ணு வச்சேன்."

"அப்ப அம்மா எங்க இருந்தாங்க?"

"நான் இங்கதான் பூ கட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள் ஜானகி. "ஏழரை இருக்கும்."

பயத்தில் உளறுகிறாள் என்று காளிதாஸ் நினைத்தான். அவன் மூளை ஜன்னல் பக்கம் ஓடியது. கம்பி தளர்ந்திருக்கிறதா, வெளியே காலடி இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றி வந்தான். சப்பாத்து நிறையச் சேறுதான் மிச்சம். அவன் திரும்பி வந்தபோது சார்ஜெண்ட் மருதமுத்து கூடத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இவதான்" என்று சிவசாமி கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்ஜெண்டு" என்றார் தாவூது. குரலை அவர் உயர்த்தவில்லை. "அந்தக் கண்ணாடியைப் பாருங்க. மேல் பொட்டு காஞ்சு வெடிச்சிருக்கு, எட்டு நாள் பழசு. வைக்கும்போது அது நெத்தியிலதான் இருந்திருக்கும். யாரும் சாமிக்குக் கிரீடத்துல பொட்டு வைக்கமாட்டாங்க. அப்போ உள்ள இருந்தது அசல். கீழ்ப் பொட்டு நேத்து காலை ஏழரைக்கு வச்சது, இந்தம்மா கண்ணால பார்த்திருக்காங்க. அது இந்தப் போட்டோ அம்மனோட நெத்தியில பொருத்தமா உட்கார்ந்திருக்கு. போட்டோ கொஞ்சம் சின்னது. பிரேமுக்குள்ள இறங்கி நிக்குது."

காளிதாஸுக்குத் தலையில் ஓங்கிக் குட்டினாற்போல் இருந்தது. "அப்படின்னா ஏழரைக்கு முன்னாடியே மாத்தியாச்சு!"

"ஆமா. அதுக்கு முந்தின ஆறு நாளும் சுப்பம்மா வேலிக்குள்ள. தோட்டத்துக் கேட்டு ரிஜிஸ்தரே சாட்சி. ஆனா ஐயா ஒம்பது மணிக்கு இதே பிரேமுல அசலைப் பார்த்தாராம், லென்ஸ் வச்சு." தாவூது முதன்முறையாகச் சிவசாமியின் முகத்தை நேராகப் பார்த்தார். "இல்லாத பென்சில் எப்படிங்க பளிச்சுன்னு இருந்துச்சு?"

"சந்தனம், பொட்டுன்னு கதை அளக்கிறான்! என் சொத்தை நானே திருடுவேனா?"

"திருடல, மறைச்சு வச்சிருக்கீங்க. கள்ளனா இருந்தா சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிருப்பான். ஒரு மடிப்பு விழாம காப்பாத்தணும்னு நினைக்கிறவர் இந்த வீட்ல ஒருத்தர்தான். தாஸு, உன் காலர்ல எறும்பு ஏறின இடம் எது?"

காளிதாஸ் கப்பல் படத்தைக் கழற்றித் திருப்பினான். முதுகுத் தாள் புதிது. ஓரத்து மைதாப் பசையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. கத்தியால் கீறினான். கப்பலுக்குப் பின்னால், ஒரு சுருக்கம் இல்லாமல், ஏழாவது அம்மன் இருந்தாள்.

"மூணு வருஷமா தினமும் லென்ஸ் வச்சுப் பார்த்தீங்க" என்றார் தாவூது. "எண்ணைப் பார்த்தீங்க, கையெழுத்தைப் பார்த்தீங்க. அவ முகத்தை ஒரு தரம் பார்த்திருந்தா அந்தப் பொட்டு கண்ணுல பட்டிருக்கும்."

சார்ஜெண்ட் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். "எதுக்குய்யா இந்த வேலை? ஒரு வீட்டு வேலைக்காரி மேல அப்படி என்ன பகை?"

தாவூது ஜானகியைப் பார்த்தார். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. லயத்தில் குவளையால் அளந்து அரிசி கொடுக்கிற காலம். காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி கொண்டு போனாலும் ஜெயில்.

"ஜானகி" என்றார் சிவசாமி. அந்தப் பெயரில் அதட்டலும் கெஞ்சலும் சேர்ந்து இருந்தன.

"சார்ஜெண்டு" என்றாள் அவள். "முள்கம்பி ஏத்துற லோரியில அரிசி மூட்டைக்கு என்ன வேலை? சுப்பம்மா கண்ணால பார்த்திருக்கா. பார்த்ததை இவருகிட்டயே சொல்லிட்டா. அதான் பகை."

சார்ஜெண்ட் சிவசாமியின் முழங்கையைப் பிடித்தார். ஜீப் ஏறும் வரைக்கும் சிவசாமி பெண்டாட்டியை ஏசிய ஏச்சு தெருக்கோடி வரை கேட்டது.

தாவூது அசல் படத்தைப் பழைய பிரேமுக்குள் பொருத்தினார். வெடித்த பொட்டு அம்மன் நெற்றியில் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஜானகி சுப்பம்மாவின் கையைப் பிடித்தாள். "திங்கட்கிழமை வந்துரு சுப்பம்மா. இனி யாரும் உன்னைத் திட்டமாட்டாங்க."

சுப்பம்மா கையை விடுவித்துக்கொண்டாள். "வரமாட்டேம்மா. அவரு என்னை உள்ள தள்ளிப் பூட்டினப்போ நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க." சேலையை உதறிக்கொண்டு, தோட்டத்துக் கேட் மூடுமுன் போய்ச் சேர பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று நடந்தாள்.

வழியெல்லாம் காளிதாஸ் சிவசாமியைத் திட்டிக்கொண்டே வந்தான். முகத்தைப் பார்க்காத ஜென்மம் என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டான்.

"அந்தம்மா உன்னை அடையாளம் கண்டுக்கிட்டாங்க" என்றார் தாவூது. "நீ?"

ஸ்டூடியோவுக்கு வந்ததும் காளிதாஸ் நெகட்டிவ் பெட்டியை இறக்கினான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவன் கையால் எழுதிய எண் மட்டும்தான் இருந்தது. சுப்பம்மாவின் எண் அவனுக்குத் தெரியாது. முதலாவதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்த முகத்தைப் பார்த்தான். பிறகு அடுத்ததை எடுத்தான்.