காற்று நசுங்கும்

குப்பியில் ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. வரக்கூடாத குமிழி.

காலையிலிருந்து இதே கூத்து. பந்தயக் காருக்கடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக்குக் கழுத்து மரத்துவிட்டது. சக்கரத்தருகே இருந்த திருகில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை பிரேக் ஆயில் குப்பிக்குள் முக்கியிருந்தான். மைத்துனன் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இவன் திருகைத் திறந்து மூட, உள்ளே ஒளிந்திருக்கும் காற்று வெளியேற வேண்டும். எண்ணெய் நசுங்காது, கால் கொடுக்கிற அழுத்தத்தை அப்படியே சக்கரத்திடம் சேர்த்துவிடும். காற்று நசுங்கும். ஒரு பொட்டு மிஞ்சினாலும் பெடல் பஞ்சாய்ப் புதையும், வண்டி நிற்காது. பட்டறை வாசலிலேயே சாலை சரிவில் இறங்குகிறது. ஓட்டிப் பார்க்கப்போகிறவன் மைத்துனன். மனைவிக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

"மிதி."

"மிதிச்சாச்சு மாமா. மாவு பிசையற மாதிரியே இருக்கு."

"பிடி. விடாத."

திருகினான். குளுக்.

ரப்பர் வளையங்களை மாற்றியாயிற்று. குழாய்களும் புதுசு. எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாத இடத்தில் காற்று எந்த வழியாகத்தான் நுழைகிறது? ஆத்திரத்தில் ஸ்பானரை வீசினான். அது சுவரில் மோதி அடங்கிய பிறகு, தகரக் கூரையில் விழுந்த மழைக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. குமிழி. சற்று நேரம். மறுபடி குமிழி. யாரும் மிதிக்கவில்லை. தூங்குகிறவன் மூச்சுபோல, ஒரே சீராக. ஆயில் நெடியோடு வெகுநாள் மூடிக்கிடந்த வாயின் வாடையும் வந்தது.

"என்ன மாமா, வண்டி குறட்டை விடுதா?" மைத்துனன் இறங்கிவந்து குழாயைக் குப்பியிலிருந்து உருவினான். "நகருங்க. வாய வச்சு ஒரே இழுப்பு."

"டேய், விஷம்டா அது!"

இழுத்துவிட்டான். கன்னம் ஒட்டியது. எதையோ விழுங்கினான்.

குழாயை மறுபடி குப்பியில் முக்கி மிதித்துப் பார்த்தார்கள். குமிழி இல்லை. பெடல் கல்லாய் நின்றது. சனியன் ஒழிந்தது என்று மெக்கானிக் திருகை இறுக்கி, குழாயைக் கழற்றிக் குப்பியிலேயே போட்டான்.

"மெதுவா போ. ஏதாச்சும்னா கை பிரேக்க இழு."

மைத்துனன் தலையாட்டினான். காலையிலிருந்து மூடாத வாய் மூடியிருந்தது. நெஞ்சில் சட்டை அசையவேயில்லை. சீட் பெல்ட்டை இறுக்கிப் போட்டிருப்பான் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

கார் சரிவில் இறங்கியது. சத்தம் தேய்ந்தது.

குளுக்.

குப்பியில் குமிழி. குழாயின் மறுமுனை சிமெண்ட் தரையில் கிடந்தது. எதிலும் மாட்டாமல். குளுக். குளுக். வேகமாக. ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்குவதுபோல.

"இன்னுமா!"

எரிச்சலில் அந்த முனையைக் கட்டைவிரலால் அடைத்தான்.

குமிழி நின்றது.

கீழே, சரிவில், ஹாரன். நீளமாக. விடாமல்.

விரலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. குழாய்க்குள்ளிருந்து ஏதோ இழுத்தது. விரலுக்கடியில், வெதுவெதுப்பாக, இரண்டு உதடுகள் திறந்து திறந்து மூடின.