போயிட்டு வா

மாட்டு ஆராய்ச்சிப் பண்ணையின் கேட்டில் காவலாளியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு டாக்டரம்மா உள்ளே நடந்தாள். மூன்று மாத விடுப்பு முடிந்து இன்றுதான் வேலைக்குத் திரும்புகிறாள். காலை நேரம்தான், ஆனாலும் மேகம் கவிந்து வராந்தாவில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஈரச் சாணமும் பினாயிலும் புளித்த பாலும் கலந்த பழைய வாசனை மூக்கில் ஏறியது. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அவள்தான் பழைய ஆள் இல்லை.

அவள் கால்நடை மருத்துவர். கன்று பிறந்ததும் குடிக்கும் சீம்பால்தான் அதற்கு நோய் எதிர்ப்புச் சக்தி. தாய் பட்ட நோய்க்கெல்லாம் தாயின் உடம்பு கண்டுபிடித்த மருந்து அந்த மஞ்சள் பாலில் இருக்கும். ஒரு நாளுக்குள் குடித்தால் உண்டு. அதற்குப் பிறகு குடலின் கதவு சாத்திக்கொள்ளும், குடம் குடமாக ஊற்றினாலும் ரத்தத்தில் சேராது. எந்தக் கன்றுக்கு எவ்வளவு சேர்ந்தது, எத்தனை நாள் நின்றது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ரத்தத்தைச் சோதித்துச் சொல்கிறவன் அவள் கணவன். அவனுக்கு அதே பண்ணையின் லேபில் வேலை.

அவர்களுக்கும் ஒரு கன்னுக்குட்டி பிறந்தது. வயிற்றில் இருக்கும்போதே அப்படித்தான் கூப்பிடுவாள். மாட்டு டாக்டர் வேறு எப்படிக் கூப்பிடுவாளாம்? நாள் நிறையாமல் உள்ளங்கை அளவுக்குப் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அவனுக்கு விழுங்கத் தெரியவில்லை. அவள் கறந்து கொடுத்த சீம்பாலைக் கணவன் பண்ணையில் மாட்டுச் சீம்பால் சேர்த்துவைக்கும் ஃப்ரீஸரில் கொண்டுபோய் வைத்தான். பிள்ளை தேறியதும் கொடுக்கலாம் என்று ஒரு ஆசை. பெட்டியின் வட்டத் துளை வழியாக அவள் கையை விட்டபோது, ஐந்து விரலாலும் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். தாய்க்கும் பிள்ளைக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். இனிப் பிழைக்க மாட்டான் என்று மூச்சு இயந்திரத்தை எடுத்த அன்று அவள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். கணவன் மட்டும் பக்கத்தில் நின்றான்.

கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா."

மாடு 'அம்மா' என்று கத்தும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உண்மையில் அது 'ம்ம்மா' என்றுதான் மூக்கால் இழுக்கும். முன்னால் ஒரு 'அ'வை நாம்தான் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறோம்.

இதில் அந்த 'அ' இருந்தது.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வைக்கோல் கூடையோடு எதிரே வந்தாள். வாய் ஓயாதவள், மாட்டோடும் பேசுவாள், மண்வெட்டியோடும் பேசுவாள். அன்று குரல் இறங்கியிருந்தது.

"வந்துட்டீங்களா டாக்டரம்மா. கேட்டுல உங்க குரல் கேட்டதுலேர்ந்து இப்படித்தான் கத்துது. ரெண்டு மாசமா வாயே திறக்காத கன்னு."

"எந்தக் கன்னு அக்கா அது?"

"தாயில்லாப் புள்ள. பெத்துப் போட்டதும் தாய் போயிடுச்சு. அன்னைக்குன்னு பார்த்து ஃப்ரீஸர்ல சீம்பால் தட்டுப்பாடு. துழாவுனா மூலையில ஒரு சின்ன பாட்டில். நம்ம வழக்கம்தான் தெரியுமே, பாட்டில் மேல மாட்டு பேரைத்தான எழுதுவோம். கருப்பி, நெட்டச்சி, சண்டைக்காரின்னு. இதுல 'அம்மா'ன்னு எழுதியிருந்துச்சு."

டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எந்த மாடுடான்னு யோசிச்சேன். எதுவா இருந்தா என்ன, பால் குடுக்குற எல்லாமே அம்மாதானேன்னு பவுடர் பால்ல கலந்து புகட்டிட்டேன். ரெண்டு கரண்டிகூட இருக்காது. ஏம்மா, ஏன் இப்படி வெளிறிப் போயிட்டீங்க?"

டாக்டரம்மா அக்காவைத் திட்டவில்லை. நேராக லேபுக்குப் போனாள்.

கணவன் அவளைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினான். "உன்னை இன்னும் ஒரு வாரம் கழிச்சு வான்னு கெஞ்சினேன்ல?"

"பாட்டில் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"அது காணோம்னதும் தெரிஞ்சுடுச்சு. மனசு கேக்கல. அந்தக் கன்னோட ரத்தத்துல உன்னோட எதிர்ப்புச் சத்து இருக்கான்னு பார்த்தேன்." வாரம் ஒன்றாக எடுத்துவைத்த சோதனைத் தகடுகளை வரிசையாக விளக்கடியில் வைத்தான். முதல் தகட்டில் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு. "இது மனுஷப் பால்ல மட்டும் இருக்கிறது. பால் வழியா வந்தது தானா வளராது. நாளாக நாளாகக் கரையணும்."

அவள் அடுத்தடுத்த தகடுகளைப் பார்த்தாள்.

கோடு தடித்துக்கொண்டே போயிருந்தது.

"அது ஒண்ணும் சாப்பிடுறதில்ல," கிசுகிசுத்தான். "நுரையீரல் முக்கால்வாசி போச்சு. எப்பவோ செத்திருக்கணும். சாகவும் மாட்டேங்குது. வேதனைப்பட விடாதீங்க, இன்னைக்கே ஊசி போட்டுடுங்கன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார்."

பெரிய டாக்டர் வெளியூரில் இருந்தார்; அந்த ஊசியைப் போட உரிமையுள்ளவள் அன்று பண்ணையில் அவள் ஒருத்திதான். உயிரை வளர்க்கப் படித்த படிப்பு இதற்கா உதவ வேண்டும்? கையிலிருந்த தகட்டை மேசையில் வைத்தாள். இத்தனை நாள் கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டாள்.

"கடைசியா அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

கணவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க சார்னு நர்ஸ் சொன்னாங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. கடைக்குப் போறவங்ககிட்டகூட நாம 'போ'ன்னு சொல்றதில்ல. பெத்த பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? போயிட்டு வாடா கண்ணுன்னு சொன்னேன்."

கொட்டகையிலிருந்து மறுபடி குரல் வந்தது.

"வந்துட்டான்," என்றாள் அவள்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. பைத்தியக்காரத்தனம்னு உன்கிட்ட சொல்லல." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்தத் தடவை நீ சொல்லணும். வெறும் 'போ'. 'வா'ன்னு மட்டும் சொல்லிடாத. மூச்சுவிட அவன் படுற பாட்டைப் பார்க்க முடியல."

இதுவரை 'அது' என்று சொன்னவன் 'அவன்' என்று சொன்னதை அவள் கவனித்தாள்.

கொட்டகையில் ஒரு மாடும் அசை போடவில்லை. எல்லாம் சுவரைப் பார்த்து நின்றிருந்தன. கோடியில், வைக்கோல் மேல், தோலும் எலும்புமாக அந்தக் கன்று கிடந்தது. குனிந்தாள். சாண வாசனை இல்லை. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் அடிக்குமே, ஸ்பிரிட்டும் பவுடரும் வெந்நீரில் அலசிய துணியும் கலந்த வாசனை, அது அடித்தது.

தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டிக்காரனை ஒரு தடவைகூட மடியில் போட்டதில்லை. அதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கன்று கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

"அம்மா."

"அம்மாதாண்டா. இங்கதான் இருக்கேன். ரொம்ப நாள் காக்க வச்சுட்டேனாடா கன்னுக்குட்டி?"

கழுத்து நரம்பைத் தடவித் தேடினாள். மருந்து ஏற்றிய ஊசியைக் கையில் எடுத்தாள். கணவன் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று தலையசைத்தான்.

மருந்து இறங்கியது.

மூச்சு மெல்ல மெல்லத் தாழ்ந்தது. காதோடு வாய் வைத்து அவள் சொன்னாள்.

"போ..."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத்தான் நினைத்தாள். ஆனால் பிறந்ததிலிருந்து பழகிய வாய் அது. அந்தச் சொல்லை அது ஒருநாளும் பாதியில் விட்டதில்லை. மனசும் அந்த வாயைத் தடுக்கவில்லை.

"...யிட்டு வாடா."

மடியில் பாரம் கூடியது. கன்று அடங்கிவிட்டது.

கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, என்னடி சொல்லிட்ட!"

"பெத்தவ வேற என்னங்க சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு அவள் ஓவென்று அழுதாள். மூன்று மாதமாக வராத அழுகை அது. அவனும் தடுப்பைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. கன்றைப் புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா ஓடி வந்தாள்.

"டாக்டரம்மா, சண்டைக்காரிக்கு வலி வந்துடுச்சு. நாள் இன்னும் நிறையல. கன்னு குறுக்க நிக்குது போல, காலே தெரியல."

வேலை என்று வந்தால் அவள் வேறு ஆள். கையைத் தோள் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மாட்டின் பின்னால் மண்டியிட்டாள். கிட்டே போனால் எட்டி உதைக்கும் சண்டைக்காரி அன்று அசையாமல் நின்றது. உடம்பு மட்டும் வெடவெடத்தது. கணவன் வாலைப் பிடித்துக்கொண்டான்.

கையை உள்ளே விட்டாள். இருட்டு, சூடு, வழுவழுப்பு. குளம்பு எங்கே என்று துழாவினாள். முதலில் எலும்பு ஒன்று தட்டியது. தொப்புள்கொடி துடித்தது. இன்னும் உள்ளே போனாள்.

குளம்பு கிடைக்கவில்லை.

ஏதோ ஒன்று அவளுடைய சுண்டுவிரலைத் தொட்டது.

தொட்டுவிட்டு விலகியது. தேடியது. திரும்ப வந்தது.

பிடித்துக்கொண்டது.

மெத்தென்று, சின்னதாக, ஒன்றை அடுத்து ஒன்றாக மடங்கின. அவளுக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

"என்ன டாக்டரம்மா, காலு சிக்கிடுச்சா?" என்றாள் அக்கா.

கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிடித்திருந்த வால் அவன் கையிலிருந்து நழுவியது.

"கையை எடுத்துடு," என்று முணுமுணுத்தான். "தயவு செஞ்சு எடுத்துடு."

அவள் எடுக்கவில்லை.